ஆல்மர்ஸ்டோவின் மணிக்கயிறு

நான் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. ஆனால் நார்ஃபோக் மாவட்டத்தில் எந்தத் தேவாலயக் கோபுரம் வட்டம், எது சதுரம் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். குரோமர் ஊருக்கு நண்டு பேர்போனது. ஹேஸ்ப்ரா கலங்கரை விளக்கத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கும். அந்த ஊர்ப் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது வேறு மாதிரி. எழுதியதில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் அந்த ஊர்க்காரர்களே பேசுகிறார்கள். யாங்கோனில் எங்கள் அலோன் வட்டாரத்துக்கு எப்போது மின்சாரம் வரும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அது அல்லாஹ்வுக்கும் மின்வாரியத்துக்கும்தான் வெளிச்சம்.

இது என் பிழைப்பு. முன்பு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பள்ளிக்கூடம் மூடிய பிறகு பிலிப்பிடம் சேர்ந்தேன். பிலிப் எங்கள் யாங்கோன் தமிழ்க் கிறிஸ்தவர். அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் குமாஸ்தாக்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வேண்டியதை இங்கே ஆள் வைத்து எழுதிக் கொடுப்பார். நார்ஃபோக்கில் ஊர் சுற்றுகிறவர்கள் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு குரல் அந்த இடத்தின் வரலாற்றைச் சொல்லும். அந்தக் குரல் படிப்பது நான் எழுதியதை. அவர்கள் ஊர்க் கதையை அவர்களுக்கே சொல்வதற்கு, கடல் தாண்டி ஆறாவது மாடியில் கைலி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி வேண்டியிருக்கிறது. கேட்டால் சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது.

மொத்தம் நாற்பது இடங்கள் கேட்டிருந்தார்கள். முடித்து அனுப்பிய அன்று மதியம் ஒன்றரை மணிக்குப் பிலிப் கூப்பிட்டார்.

"பரீதா சிஸ்டர், ஒரே காற்றாலை ரெண்டு தடவ வந்திருக்கு. ஒண்ணை எடுத்தாச்சு. இன்னொரு இடம் வேணும். இன்னைக்கே."

"இன்னைக்கேவா? ரெண்டு மணிக்கு மீ போயிடும் பிலிப்." மீ என்றால் எங்கள் பேச்சில் கரண்ட். பர்மியச் சொல்தான், கரண்ட் வந்ததும் தெருவே "மீ லாபீ!" என்று கத்தும்.

"அரை மணி நேரம் இருக்கே. நீங்க அடிச்சா நாப்பது நிமிஷ வேலையே இருவது நிமிஷம்தான்," என்று ஐஸ் வைத்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

தேடிப் படிக்க நேரமில்லை. எரிச்சலோடு நிமிர்ந்தேன். பால்கனியில் எங்கள் மணிக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. யாங்கோனில் பழைய மாடி வீடுகள் எல்லாவற்றிலும் இது உண்டு. லிஃப்ட் கிடையாது. ஆகவே பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு. மேல்முனையில் சின்ன மணி, கீழ்முனையில் ஒரு கிளிப். வருகிறவர் கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பரோ, மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் பொட்டலமோ கிளிப்பில் மாட்டுவார்கள், நாம் மேலே இழுத்துக்கொள்வோம். வேண்டியவர் வந்தால் வீட்டுச் சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்குவோம்.

அந்தக் கயிற்றைத் தூக்கி நார்ஃபோக்கில் போட்டேன்.

ஆல்மர்ஸ்டோ என்று ஒரு கடலோர ஊர் இருந்தது என்று எழுதினேன். அங்கே வட்டக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம். மகன் கடலுக்குப் போய்த் திரும்பாததால் ஒரு விதவை அந்தக் கோபுரத்தில் ஏறிக் குடியிருந்தாள். மணி கட்டிய கயிறு ஒன்றைக் கீழே விட்டிருந்தாள். மகன் வந்தால் இழுப்பான் என்று காத்திருந்தாள். கோபுரத்தை விட்டு அவள் இறங்கவே இல்லை. ஒருநாள் மணி மூன்று முறை அடித்தது. அவள் கயிற்றை மேலே இழுத்தாள். அதன் நுனியில், கடல் நீர் சொட்டச் சொட்ட, அவள் மகனின் சட்டை வந்தது. பிறகு ஒரு புயலில் ஊரையும் கோபுரத்தையும் கடல் கொண்டுபோய்விட்டது. கடல் கொண்ட ஊருக்கு யார் வந்து சாட்சி கேட்கப்போகிறார்கள்? அந்தக் கரையில் நிஜமாகவே கடல் தின்ற ஊர்கள் உண்டு. கூட்டத்தோடு கூட்டமாக இதுவும் போகட்டும் என்று அனுப்பினேன். அனுப்பி முடிக்கவும் மின்விசிறி நிற்கவும் சரியாக இருந்தது.

பொய் எழுதியதற்காக நான் வருந்தவில்லை. சட்டையைப் பற்றி எழுதியதை மட்டும் மறுபடி படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால் எங்கள் கயிறும் ஒருவனுக்காகத்தான் தொங்குகிறது. என் தம்பி மாஹிர். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் சட்டம் வந்த வருடம், இருபத்து மூன்று வயதில், ஒரே ஒரு பையோடு தெற்கே மெய்க் துறைமுகத்துக்குப் போனான். அங்கிருந்து மீன்பிடிப் படகில் ஏறித் தாய்லாந்துப் பக்கம் போய்விடுவதாகத் திட்டம். போகும்போது அவனுடைய வீட்டுச் சாவியையும் எடுத்துப்போனான். அதில் பச்சை பிளாஸ்டிக் தவளை ஒன்று தொங்கும். பள்ளிக்கூட நாளில் வாங்கியது, ஒரு கண் இல்லாதது. படகேறி ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. ஒரு சேதியும் இல்லை.

உம்மா அன்றிலிருந்து கீழே இறங்குவதில்லை. முட்டி வலி என்பாள். முட்டி வலி எனக்குத் தெரியாதா? கீழே போன நேரம் பார்த்து மணி அடித்தால் என்ன செய்வது என்ற பயம்தான். "சாவிய எங்கயாச்சும் தொலைச்சிருப்பான். கயித்தத்தான் இழுப்பான்," என்பாள். தாகேதாவில் இருக்கும் மாமா, கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டார். உம்மா அசையவில்லை.

உம்மாவுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. மெய்க்கிலிருந்து மாஹிர் எனக்குக் கடைசியாக அனுப்பிய சேதி. "லாத்தா, படகு நாளைக்குக் கிளம்புது. பழைய படகு, காத்தும் சரியில்ல. ஏறவா, திரும்பி வரவா?" நான் ஒரே சொல் அனுப்பினேன்: "ஏறு." அவன் பட்டாளத்தில் சாவதைவிடக் கடல் தேவலை என்று நினைத்தேன். அந்தச் சொல்லை ஒரு வருடமும் நான்கு மாதமும் விழுங்க முடியாமல் துப்ப முடியாமல் வைத்திருந்தேன்.

ஆல்மர்ஸ்டோ வெளியான பதினோராம் நாள் முதல் கருத்து வந்தது. நாயோடு கடற்கரையில் நடக்கும் ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: "இந்த இடத்தைப் பற்றி ஒருவழியாக யாரோ எழுதியது மகிழ்ச்சி. தண்ணீர் வற்றும் நேரத்தில் மணிச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். என் நாய் அங்கே நடக்க மறுக்கும்."

நன்றாகச் சிரித்தேன். ஆசைப்பட்டால் மனிதனுக்கு எதுதான் கேட்காது?

இரண்டாவது கருத்து ஒரு வாரம் கழித்து வந்தது. "கயிற்றின் நிறத்தை நீங்கள் குறிப்பிடவில்லை. நீலம். ஊரில் எல்லோருக்கும் தெரியும்."

பால்கனியைப் பார்த்தேன். எங்கள் கயிறு நீல நைலான். நிறத்தை நான் எழுதவே இல்லை. பிலிப்புக்கு அனுப்பியதை மறுபடி திறந்து, ஒவ்வொரு வரியாகத் தேடினேன். நீலம் என்ற சொல்லே அதில் கிடையாது.

மூன்றாவதை எழுதியவர் ஓய்வுபெற்ற தபால்காரராம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். "சிறு திருத்தம். எங்கள் அத்தை சொன்ன கதையில் அந்த விதவைக்கு ஒரு மகளும் உண்டு. அவளும் கோபுரத்தில்தான் இருந்தாள். படகில் ஏறு என்று தம்பிக்குச் சொன்னவள் அவள். அம்மாவிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை. அவளை ஏன் விட்டுவிட்டீர்கள்?"

மடிக்கணினியைப் படீரென்று மூடினேன். "என்னடி உடைச்சே?" என்று உம்மா உள்ளேயிருந்து கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அந்தச் சேதியை நான் யாரிடமும் காட்டியதில்லை.

அப்போது மணி அடித்தது. ஒரே ஒரு முறை.

எட்டிப் பார்த்தேன். மூன்றரை மணி வெயில். கீழே யாரும் இல்லை. மொஹிங்காக் கடை டோ மியா மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். யார் இழுத்தது என்று மேலேயிருந்து பர்மியத்தில் கத்திக் கேட்டேன். யாரும் வரவில்லையே என்று கையை விரித்தார். கயிற்றை இழுத்தேன். கிளிப்பில் ஒன்றும் இல்லை. ஆனால் அது நனைந்திருந்தது. கடைசி ஒரு முழக் கயிறும் நனைந்திருந்தது. எங்கள் ஆற்றுத் தண்ணீருக்குச் சேற்று வாடை. இதில் உப்பு வாடை அடித்தது, மீன் சந்தையில் பனிப்பெட்டியைத் திறந்தது மாதிரி.

பயந்துவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். பிலிப்பைக் கூப்பிட்டேன்.

"ஆல்மர்ஸ்டோவோட முடிவ மாத்தணும். அந்தச் சட்டை வேணாம். மகன் உயிரோட திரும்பி வந்தான்னு போடுங்க."

"ஏன் சிஸ்டர்? அதுக்குத்தான் நெறய பேர் எழுதுறாங்க. நாப்பதுலயும் அதுதான் முதல்ல நிக்குது."

"அது பொய் பிலிப். நானா எழுதினது. அப்படி ஒரு ஊரே கிடையாது."

பிலிப் சிரித்தார். "நல்லா கதை வுடுறீங்க. அந்த மாவட்ட வரலாற்றுச் சங்கத்துலேந்து நேத்துதான் கடிதம் வந்துச்சு. தேவாலயப் பதிவேட்டுப் பக்கத்தப் படம் எடுத்து அனுப்பியிருக்காங்க. இருநூறு வருசத்துக்கு முந்தினது. நீங்க எழுதினது அச்சு அசலா அப்படியே இருக்கு. எங்கேருந்து எடுத்தீங்கன்னு கேக்குறாங்க. உங்களுக்கு அனுப்புறேன், பாருங்க."

படம் வந்தது. பழுப்புத் தாள், சாய்ந்த கையெழுத்து. இங்கிலீஷ் டீச்சருக்கே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. கோபுரம், கயிறு, மணி, மூன்று முறை, ஈரச் சட்டை. எல்லாம் இருந்தது. அடியில் நான் எழுதாத ஒரு வரியும் இருந்தது: "மகள் கீழே இறங்கிப் பார்த்திருக்கலாம். இறங்கவில்லை."

அன்று ராத்திரி முழுக்க அந்த வரியோடு மல்லுக்கட்டினேன். கதையில் அம்மா மட்டும்தான் கயிற்றை இழுக்கிறாள். சட்டை வந்ததும் அது தன் மகனுடையது என்று அவள் முடிவுகட்டிவிடுகிறாள். ஈரமான சட்டை எல்லாம் ஒன்று போலத்தானே இருக்கும்? யாரும் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. யாருடையது என்று கேட்கவில்லை. மணி மூன்று முறை அடித்தால், உம்மாவைக் கயிற்றைத் தொட விடக்கூடாது. நான் இறங்க வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் எதுவும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் வீட்டை விட்டு அசையவில்லை. கடைக்குக்கூடப் போகாமல் உம்மா மாதிரியே ஆகிவிட்டேன். மூன்றாம் நாள் மாலை, அசர் தொழுகை நேரம். உம்மா நாற்காலியில் உட்கார்ந்து தொழுது முடித்து, சலாம் கொடுத்த கையோடு இருந்தாள்.

மணி அடித்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை.

உம்மாவின் முகம் எப்படி ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முட்டி வலி எங்கே போனதோ, எழுந்து பால்கனிக்கு ஓடினாள். கயிற்றில் கை வைத்தாள். "கனக்குது பரீதா. அவன்தான். ஏதோ மாட்டியிருக்கான்."

"உம்மா, தொடாதீங்க!"

"ஏன்டி?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாந்தான் உம்மா அவன ஏறச் சொன்னேன். பழைய படகு, ஏறவான்னு கேட்டான். ஏறுன்னு நாந்தான் சொன்னேன். இழுக்காதீங்க. நான் போயிப் பாத்துட்டு வர்றேன்."

அவள் பதில் சொல்லுமுன் செருப்பு இல்லாமல் ஓடினேன். ஆறு மாடி. எங்கள் மாடிப்படி நிமிர்த்தி வைத்த ஏணி மாதிரி, அவ்வளவு குத்துச்சரிவு. மூன்றாம் மாடியில் யாரோ திட்டினார்கள். தெருவில் வந்து விழுந்தேன்.

கயிற்றடியில் யாரும் இல்லை. டோ மியா கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தார். வெயிலில் தெரு காய்ந்து கிடக்க, கிளிப்புக்கு நேர் கீழே மட்டும் ஒரு வட்டம் ஈரமாக இருந்தது. கிளிப்பில் ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

அதைப் பிடித்துப் பார்த்தேன். முரட்டு நூலில் கையால் நெய்த துணி. காலர் இல்லை. பொத்தான்கள் எலும்பில் செதுக்கியவை. மாஹிர் இப்படி ஒரு சட்டையைப் போட்டதே இல்லை. இந்தத் தெருவில், இந்த நூற்றாண்டில் யாருமே போட்டதில்லை. "அவனோடது இல்ல!" என்று வாய்விட்டுக் கத்தினேன். அந்த ஒரு கணம் நான் பட்ட சந்தோஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. முட்டாள்தனமான சந்தோஷம்.

கையிலிருந்த சட்டை மேலே போகப் பார்த்தது. யாரோ கயிற்றை இழுத்தார்கள்.

"உம்மா, இழுக்காதீங்கன்னு சொன்னேன்ல!" என்று நிமிர்ந்து கத்தினேன்.

"நான் இங்க இருக்கேன்," என்றாள் உம்மா.

என் பின்னால் நின்றாள். ஒரு வருடமும் நான்கு மாதமும் இறங்காத ஆறு மாடியையும் இறங்கி, மூச்சு வாங்க, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் தெருவில் இருந்தோம். மேலே, எங்கள் பால்கனியில், இரண்டு கைகள் கம்பிக்கு வெளியே வந்து கயிற்றைப் பிடித்திருந்தன. வெளுத்த கைகள், வயதான கைகள். முகம் தெரியவில்லை. அவசரம் இல்லாமல், வெகுநாளாகச் செய்து பழகியவள் போல இழுத்தாள்.

நான் சட்டையை விடாமல் பிடித்திருந்தேன். உம்மாதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"விடு. அந்தக் கை ஒரு தாயோட கை. அவ புள்ள சட்டை. அவ எடுத்துக்கட்டும்."

விட்டேன். சட்டை சுவரோரமாக ஆடி ஆடி மேலே போயிற்று. இரண்டாம் மாடி, நான்காம் மாடி. போன வழியெல்லாம் சுவரில் ஈரக்கோடு விழுந்தது. கைகள் அதைக் கிளிப்பிலிருந்து எடுத்தன. மேலே ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது போலிருந்தது. ஆற்றில் அக்கரை டாலாவுக்குப் போகும் படகு ஊதியதில் அதுவும் அமுங்கிப்போனது.

பிறகு கயிறு மறுபடி இறங்கியது. கிளிப்பில் ஏதோ மினுங்கியது. வேண்டியவர் கீழே வந்து நின்றால் சாவி இறக்குவோம் இல்லையா, அதே மாதிரி ஒரு சாவி. உப்புப் பூத்து, துருப்பிடித்து, எங்கள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. அதில் பச்சைத் தவளை ஒன்று தொங்கியது. அதற்கு ஒரு கண் இல்லை.

அவளுடையதை அவளுக்குக் கொடுத்தோம். எங்களுடையதை அவள் எங்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

உம்மா சாவியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்," என்றாள். மவுத்துச் செய்தி, சாவுச் செய்தி, வந்தால் சொல்லும் அந்தச் சொல்லைத் தடங்கல் இல்லாமல், முழுவதும் சொன்னாள். நான் டோ மியாவின் கடைப் பலகையில் உட்கார்ந்தேன்.

"நான் ஏறச் சொல்லாட்டி வந்திருப்பான் உம்மா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாவியை என் கையில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து மூடினாள்.

"எங்கிட்டயும் கேட்டான் புள்ள. ஒனக்குச் சொல்லிட்டு எனக்கும் போன் போட்டான். வராத, ஏறிடுன்னு நானும்தான் சொன்னேன். ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் அந்தக் கயித்தடியிலயே கெடந்தேன்."

இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். தெருவில் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டும்.

மேலே போனபோது வீட்டில் யாரும் இல்லை. பால்கனித் தரை மட்டும் ஈரமாக இருந்தது. மணியைக் கழற்றினோம். அடுத்த மாதமே தாகேதாவுக்குக் குடிபோய்விட்டோம். உம்மா இப்போது தினமும் வெளியே நடக்கிறாள்.

போவதற்கு முன் பிலிப்புக்கு ஆல்மர்ஸ்டோவைத் திருத்தி அனுப்பினேன். முடிவை மாற்றவில்லை, மாற்ற எனக்கு உரிமை இல்லை. கடைசியில் இரண்டு வரி மட்டும் சேர்த்தேன்: "அந்த விதவைக்கு ஒரு மகளும் இருந்தாள். அவள் கீழே இறங்கினாள், அம்மாவும் பின்னாலேயே இறங்கினாள்."

சங்கத்துக்காரர்கள் ஆதாரம் கேட்கிறார்கள் என்று பிலிப் எழுதியிருந்தார். எங்கள் பழைய அலோன் வீட்டு முகவரியை அனுப்பி வைத்தேன்.